வில்சன் நோய்: கண்டறிவதும் காலமெல்லாம் கவனிப்பதும் – தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு பிள்ளையின் கால் வளைந்தால் தண்ணீரைக் குறை சொல்வதும், கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பதும், கை நடுங்கினால் தேர்வு பயம் என்று விட்டுவிடுவதும் வழக்கம். இந்த ஊகங்கள் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதி இது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு முதன்மையான காரணமே அதுதான். மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் கிருமியால் வந்து சில வாரங்களில் தானே தணிந்துவிடுகிறது. ஆயினும் வழக்கமான காரணம் பொருந்தாத பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுள் ஒரு சிலருக்கு இத்தொல்லைகளின் அடியில் இருப்பது வில்சன் நோய் என்னும் பரம்பரைக் கோளாறு. மாத்திரையாலேயே கட்டுப்படுத்தக்கூடிய மிகச் சில பரம்பரை நோய்களில் இது ஒன்று என்பதால், எப்போது சந்தேகிப்பது, எந்தப் பரிசோதனையை எப்படிச் செய்துகொள்வது, அதன்பின் எவற்றையெல்லாம் கவனித்து வருவது என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது நல்லது. மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்பது என்ற தெளிவோடு போக இக்கட்டுரை உதவினால் போதும்.

உடலுக்குள் நடப்பது

நாம் உண்ணும் தானியம், பருப்பு, காய் எல்லாவற்றிலும் சிறிதளவு செம்பு இருக்கிறது. உடலுக்கு அது தேவை. தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இந்த வேலையைச் செய்யும் புரதத்தை உருவாக்குவது 13ஆவது குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி என்ற மரபணு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளுமே பழுதாக இருந்தால், செம்பு வெளியேற வழியின்றி முதலில் கல்லீரலிலும், அங்கே கொள்ளாமல் போனபின் மூளை, கருவிழி, சிறுநீரகம் முதலியவற்றிலும் படிகிறது. கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் லண்டனில் 1912இல் இந்நோயை விவரித்தார். அதற்குரிய மரபணு 1993இல்தான் கண்டறியப்பட்டது.

ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் நோயின்றி வாழ்வார்கள். மருத்துவத்தில் அவர்களைக் கடத்திகள் என்பர். உலக அளவில் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு நோயும், ஏறத்தாழ 90 பேரில் ஒருவருக்குக் கடத்தி நிலையும் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது இன்றும் நடக்கும் நம் பகுதியில், கணவன் மனைவி இருவரும் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

நோய் பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. சிறுவர்களிடம் முதலில் தெரிவது கல்லீரல் பாதிப்புதான். காமாலை வந்து போய் மீண்டும் வருவது, வயிறும் காலும் வீங்குவது, வேறொன்றுக்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் மாதக்கணக்கில் உயர்ந்தே இருப்பது, ஒல்லியான பிள்ளைக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் அறிக்கை சொல்வது ஆகியவை கவனிக்கத்தக்கவை. காமாலையோடு சேர்ந்து திடீரென்று இரத்தசோகை ஏற்பட்டு, சிறுநீர் கறுத்து, பிள்ளை சோர்ந்து குழம்பிப் பேசினால் அது அவசர நிலை. செம்பு ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த நேரத்தில் நாட்டு மருந்துக்கோ, நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கோ இடமில்லை. கல்லீரல் மாற்று அறுவை செய்யக்கூடிய மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

பதின்பருவத்திலும் அதற்குப் பின்னும் நரம்பு சார்ந்த குறிகள் முந்துகின்றன. பேச்சு குழறுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது, உடல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது, வாய் திறந்து சிரிப்பது போலவே முகம் உறைந்துவிடுகிறது. இவையெல்லாம் முற்றிய பின் யாருக்கும் தெரியும். முன்கூட்டியே தெரியும் இடம் பள்ளி நோட்டு. ஒன்பதாம் வகுப்பில் கோடு பிசகாமல் எழுதிய பிள்ளையின் எழுத்து, பத்தாம் வகுப்பின் நடுவில் சிறுத்தோ கோணியோ போவதும், வரி முடியுமுன் சரிவதும், படம் வரையும்போது பென்சில் நடுங்கிய தடம் விழுவதும் பெற்றோரைவிட ஆசிரியர் கண்ணில் முதலில் படும். இரண்டு ஆண்டுகளின் நோட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட அவை தெளிவாகச் சொல்லும். காரணமில்லாத கோபம், மதிப்பெண் சரிவு, மனச்சோர்வு, சில நேரம் மனப்பிறழ்வு என மனம் சார்ந்தும் நோய் தொடங்கலாம். சோம்பேறித்தனம் என்றும் கெட்ட சகவாசம் என்றும் காற்று கருப்பு என்றும் காலம் கடத்தப்படுவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில்தான்.

கால் வளைவைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வில்சன் நோய் சிறுநீரகக் குழாய்களைப் பாதித்துப் பாஸ்பேட்டை வீணாக்குவதால், எலும்பு மென்மையாகி முழங்கால்கள் முட்டிக்கொள்வதும், மூட்டு வலிப்பதும், தசை தளர்வதும் இந்திய நோயாளிகளிடம் காணப்படும் வடிவங்களில் ஒன்று. பாப்பாரப்பட்டியிலோ ஊத்தங்கரையிலோ அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் புளோரைடு என்ற விடை தயாராக இருக்கும். பல்லில் பழுப்புக் கறையும் இருந்துவிட்டால் பேச்சே முடிந்துவிடும். ஆனால் பல்லில் உள்ள கறை, அந்தப் பிள்ளை புளோரைடு நீரைக் குடித்தது என்பதற்குச் சான்றே தவிர, கால் வளைவுக்கும் அதுவே காரணம் என்பதற்குச் சான்றாகாது. அதே குழாய்த் தண்ணீரைக் குடிக்கும் மற்றப் பிள்ளைகள் நேராக நடக்க இவன் மட்டும் தடுமாறினாலோ, வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு தேறாவிட்டாலோ, கூடவே நடுக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தாலோ வேறு காரணம் தேட வேண்டும்.

“டாக்டர், இது வில்சன் நோயாக இருக்குமா என்று ஒரு முறை பார்த்துவிடலாமா?” என்று கேட்பதில் தவறொன்றுமில்லை. இந்நோய் அரிது, ஒரு மருத்துவர் தம் பணிக்காலத்தில் சிலரை மட்டுமே பார்த்திருக்கலாம். சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோர் என்பதையும், உடன்பிறந்தவரோ நெருங்கிய உறவினரோ சிறு வயதில் காமாலையால் இறந்திருந்தால் அதையும், கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனைகளும் அவற்றைப் படிக்கும் விதமும்

பெரும்பாலும் ஒரே பரிசோதனையால் முடிவுகட்ட இயலாத நோய் இது. முதலில் கேட்பது இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு. டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம், 10க்குக் குறைந்தால் வலுவான சந்தேகம். எனினும் காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், கருத்தடை மாத்திரை ஆகியவை இதன் அளவை உயர்த்திக் காட்டும்; கடும் ஊட்டச்சத்துக் குறைவும் சிறுநீரில் புரதம் வீணாவதும் குறைத்துக் காட்டும். பிறந்து ஆறு மாதம் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இது குறைவாகவே இருக்கும். நோயற்ற கடத்திகள் சிலருக்கும் குறையும்.

அறிக்கையில் ‘சீரம் காப்பர்’ என்ற வரி பல குடும்பங்களைக் குழப்புகிறது. செம்பு மிகுந்துவிட்டது என்று சொன்ன நோயில், அந்த எண் குறைவாக அச்சாகியிருக்கும். இரத்தத்தில் உள்ள செம்பின் பெரும்பகுதி செருலோபிளாஸ்மினோடு பிணைந்திருப்பதால், அந்தப் புரதம் குறையும்போது மொத்த அளவும் குறைகிறது. கேடு செய்வது பிணைப்பில்லாமல் திரியும் மிச்சச் செம்பு. ஒவ்வொரு மில்லிகிராம் செருலோபிளாஸ்மினும் ஏறத்தாழ 3 மைக்ரோகிராம் செம்பைச் சுமக்கிறது. டெசிலிட்டருக்கு மொத்தச் செம்பு 45 மைக்ரோகிராம், செருலோபிளாஸ்மின் 6 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 45இலிருந்து 18ஐக் கழிக்க 27 மிஞ்சுகிறது. இயல்பாக இது 15க்குள் இருக்கும். 25ஐத் தாண்டினால் ஐயத்துக்குரியது. ஆய்வக முறையைப் பொறுத்து இக்கணக்கு பிசகக்கூடும் என்பதால் இதைத் தனிச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு. இதன் நம்பகம் ஆய்வகத்தைவிட வீட்டைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. ஆய்வகம் தரும், செம்புத் தடயம் நீக்கிய பிளாஸ்டிக் கேனையே பயன்படுத்த வேண்டும். வீட்டுச் சொம்போ, பித்தளைப் பாத்திரமோ, கழுவிய பழைய பாட்டிலோ உதவாது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பகலும் இரவும் வரும் ஒவ்வொரு துளியும் கேனில் சேர வேண்டும்; மறுநாள் அதே நேரத்தில் வரும் சிறுநீரையும் சேர்த்தபின் மூடிவிடலாம். நடுவில் ஒரு முறை தவறினாலும் கணக்கு பொய்த்துவிடும் என்பதால், பள்ளியில்லாத ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி திங்கள் காலையில் கொடுப்பது எளிது. மலம் கழிக்கும்போது கூடவே சிறுநீர் போய்விடும்; அதற்கு முன்பே கேனில் பிடித்துவிடச் சொல்லுங்கள். ஒரு முறை தவறிவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு, வேறொரு நாள் முதலிலிருந்து தொடங்குவதே மேல். நோயாளிகளிடம் பொதுவாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். குறிகள் வெளிப்படாத சிறுவர்களிடம் 40ஐத் தாண்டினாலே ஆராய வேண்டும்.

கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் கருவியால் கருவிழியின் ஓரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பொன்னிறமும் பழுப்பும் கலந்த வளையம் ஒன்று அங்கே படிந்திருக்கலாம். 1902இலும் 1903இலும் அதை விவரித்த இருவரின் பெயரால் கெய்சர்–பிளைசர் வளையம் எனப்படுகிறது. நரம்புக் குறிகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினரிடம் இது இருக்கும். கல்லீரல் பாதிப்பு மட்டும் உள்ளவர்களில் பாதிப் பேரிடம்தான் இருக்கும். குறியே இல்லாத சிறுவர்களிடம் பெரும்பாலும் இராது. டார்ச் அடித்துப் பார்த்து வளையமில்லை என்று சொல்வது போதாது.

நரம்புக் குறிகள் இருந்தால் மூளையின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். ஐயம் தீராதபோது கல்லீரலிலிருந்து சிறு துண்டை எடுத்து அளப்பார்கள். உலர்ந்த எடையில் கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு இருந்தால் அது வலுவான சான்று. மரபணுப் பரிசோதனையில் இரண்டு பிரதிகளிலும் நோய்க்குரிய பழுது தெரிந்தால் வேறு சான்று தேவையில்லை. நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் லைப்சிக் மதிப்பெண் முறையில் அதற்கு மட்டுமே 4 மதிப்பெண். வளையத்துக்கு 2, மிகக் குறைந்த செருலோபிளாஸ்மினுக்கு 2 என்று கூட்டி, 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் உறுதி, 3 வந்தால் இன்னும் ஆராய வேண்டும்.

முதற்கட்டப் பரிசோதனைக்குத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கோ பரிந்துரைக் கடிதம் பெறலாம். நரம்புக் குறிகள் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை, பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம். முப்பது ஆண்டுகளில் தாங்கள் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி அவர்கள் 2007இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். அரிய நோயில் அந்த அனுபவத்துக்கு ஈடில்லை.

மருந்தும் உணவும்

உடலில் சேர்ந்த செம்பைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுவது பெனிசிலமைன். 1956இல் ஜான் வால்ஷ் இதை இந்நோய்க்கு அறிமுகப்படுத்தினார். குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்துவார்கள். கூடவே பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரையும் தருவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் வீட்டாருக்குக் கடினமான பகுதி. பள்ளி செல்லும் பிள்ளைக்குக் காலை ஆறு மணிக்கு முதல் வேளை, ஏழு மணிக்கு மேல் சிற்றுண்டி. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் இரண்டாம் வேளை, ஒரு மணி நேரம் கழித்துத் தின்பண்டம் என்று அமைத்துக்கொண்டால் மதிய உணவுக்கு இடையூறு வராது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை இம்மருந்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். அதைத் தர வேண்டுமா, எத்தனை மணி நேர இடைவெளியில் என்று மருத்துவரிடம் கேட்டு, ஆசிரியரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா, இரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று தொடக்க மாதங்களில் அடிக்கடி பார்ப்பார்கள். நரம்புக் குறி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்து தொடங்கியதும் நடுக்கமும் பேச்சும் முன்பைவிட மோசமாகும். ‘மருந்துதான் கெடுத்தது’ என்று வீட்டாரே நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், டிரையன்டின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம்.

துத்தநாகம், அதாவது ஜிங்க், வேறு வழியில் வேலை செய்கிறது: குடல் செல்களில் செம்பைப் பிடித்துவைக்கும் புரதத்தைப் பெருக்கி, உணவுச் செம்பு இரத்தத்தில் சேராமல் தடுக்கிறது. மலிவானது, குறி வெளிப்படாதவர்களுக்கும், செம்பு இறங்கியபின் தொடர் சிகிச்சைக்கும் ஏற்றது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வேளையாகத் தனித் துத்தநாகக் கணக்கில் 150 மில்லிகிராம் வரை தருவார்கள். 220 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட்டில் தனித் துத்தநாகம் 50 மில்லிகிராம்தான் என்பதால், மருந்துக் கடையில் அட்டையைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குத் தரும் 20 மில்லிகிராம் மாத்திரை இதற்கு ஈடாகாது. பெனிசிலமைனையும் ஜிங்கையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றையொன்று கெடுக்கும்.

உணவில் செம்பு மிகுந்தவை ஈரல், நண்டு, இறால், முந்திரி, எள், நிலக்கடலை, காளான், சாக்லேட் ஆகியவை. முதல் ஓராண்டேனும் இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். நம் ஊரில் ஈரலை விடுவது எளிது, நிலக்கடலைச் சட்னியை விடுவதுதான் கடினம். களி, சோறு, பால், மோர், முட்டை ஆகியவற்றுக்குத் தடையில்லை. செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இந்நோய் உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைப்பதும், தாமிர பற்பம் போன்ற செம்பு சேர்ந்த மருந்துகளும், செம்பு கலந்த சத்து மாத்திரைகளும் அப்படியே. உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி மருந்தை விடுவது உயிருக்கே ஆபத்து.

நீண்டகாலப் போக்கு

சிகிச்சையே இல்லையென்றால் இந்நோய் உயிரைப் பறிக்கும். ஆனால் குறி தோன்றுமுன்போ, கல்லீரல் முற்றிலும் சுருங்குமுன்போ கண்டுபிடித்து மருந்தைத் தவறாமல் எடுப்பவர்கள் மற்றவர்களைப் போலவே படித்து, வேலை பார்த்து, மூப்பெய்த முடியும். கல்லீரல் பாதிப்பு ஆறு மாதம் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் தேறிவரும். நரம்புக் குறிகள் மெதுவாக, மூன்று ஆண்டுகள் வரைகூட, குறைந்துகொண்டே வரும். பேச்சுக் குழறலும் உடல் முறுக்கும் சிலருக்கு ஓரளவு தங்கிவிடும். அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் மருந்துக்குச் சமமாக வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்தும் சலுகையும் கிடைக்கும்.

ஐந்தாறு ஆண்டுகள் நன்றாக இருந்தபின் ‘இனி எதற்கு மாத்திரை’ என்று நிறுத்தியவர்கள், சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள் திடீர்க் கல்லீரல் செயலிழப்போடு திரும்பி வருகிறார்கள். மீண்டும் மருந்து தொடங்கினாலும் அப்போது பலர் தேறுவதில்லை. வேலைக்காக ஓசூருக்கோ திருப்பூருக்கோ தனியாகப் போகும் இளைஞர்கள் விஷயத்தில் இந்த அபாயம் மிகுதி. பெனிசிலமைன் எல்லாக் கடைகளிலும் எப்போதும் கிடைப்பதில்லை. ஒரு மாத மருந்தாவது கையிருப்பில் இருக்கும்படி வாங்கிவைக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரு முறையாவது கல்லீரல் பரிசோதனை, இரத்த அணுக்கள், சிறுநீர்ச் செம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தொடர் சிகிச்சையில் பெனிசிலமைன் எடுப்பவருக்குச் சிறுநீர்ச் செம்பு நாளொன்றுக்கு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது. ஜிங்க் மட்டும் எடுப்பவருக்கு 75க்குள் இருக்க வேண்டும். முன்னதில் உயர்ந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம், செம்பு வெளியேறுகிறது என்றே பொருள். கல்லீரல் இறுகிப்போனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும், உணவுக்குழாயில் இரத்தநாளப் புடைப்பை அறிய எண்டோஸ்கோப்பியும் வேண்டும். மது கூடாது, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகள் அவசியம். கர்ப்பக் காலத்திலும் மருந்தை நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவர் மாற்றுவார்.

கல்லீரல் மாற்று அறுவை செம்புக் கோளாறையே நீக்கிவிடும், அதன்பின் செம்பு மருந்து வேண்டாம். ஆனால் உடல் புதிய கல்லீரலை ஒதுக்காதிருக்க வேறு மருந்துகள் ஆயுள் முழுவதும் வேண்டும். கடத்தியான தாயோ தந்தையோ தானம் தரலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வறுவைக்கு உதவி உண்டு. அட்டை இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.

உடன்பிறந்தவர்களும் திருமணமும்

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானதும் அதன் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நோய் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஓடி விளையாடும் பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று தாத்தா பாட்டி கேட்பார்கள். குறியில்லாதபோதே மருந்து தொடங்கிய பிள்ளைகள் குறியில்லாமலே வளர்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். நோயுற்ற பிள்ளையின் மரபணுப் பழுது தெரிந்துவிட்டால், அதை மட்டும் மற்றப் பிள்ளைகளிடம் தேடுவது செலவும் குறைவு, விடையும் ஐயமற்றது.

நோயுள்ளவர் திருமணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம். உறவல்லாத ஒருவரை மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 200இல் ஒன்றுதான். ஆனால் நோயுள்ள பெண் தன் தாய்மாமனை மணந்தால், அவர் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பாதி என்பதால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகிவிடுகிறது. மாமன் மகனை மணந்தால் எட்டில் ஒன்று. நோயில்லாத அக்காள் தங்கையும்கூட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் கடத்திகளே; அவர்கள் தாய்மாமனை மணந்தால் பன்னிரண்டில் ஒன்று. எனவே அத்தகைய குடும்பத்தில் சொந்தத்துக்குள் பேச்சு எழுந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மணமகனுக்கும் மணமகளுக்கும் அந்த மரபணுப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும்.